வாளும் உளியும்: ஒரே வயலின் இரண்டு வெட்டுக்கிளிகள்

பவானி அணைக்கட்டில் காலிங்கராயன் வாய்க்கால் பிரியும் இடத்திலிருந்து நடக்கிற தூரத்தில் அந்த நெல்வயல் இருந்தது. பயிர் தொண்டைக்கதிரில் நின்றது. வெயில் ஏறுவதற்கு முன் கைவலையால் பத்து வீச்சு வீசினேன். சிலந்தி, தும்பி, தத்துப்பூச்சி என்று விழுந்தவற்றுக்கு நடுவே பச்சையாகத் துள்ளியவை இரண்டு. அவற்றைத் தனித்தனிப் புட்டியில் போட்டு வரப்பில் வைத்தேன். வயல்காரர் குனிந்து பார்த்தார்.

"ரெண்டும் வெட்டுக்கிளிதானுங்க. மருந்தடிச்சா ரெண்டும் போயிருமுங்க."

மருந்தடித்தால் இரண்டும் போய்விடும் என்பது உண்மை. இரண்டும் ஒன்று என்பதுதான் உண்மையில்லை. அந்த இரண்டு புட்டிகளில் இருந்த பூச்சிகளின் முன்னோர்கள் டைனோசர்கள் தோன்றுவதற்கு முன்பே பிரிந்துவிட்டவர்கள். கொங்குப் பேச்சில் சொல்வதானால் ஊர் ஒன்று, கூட்டம் வேறு. ஒரே நிறம், ஒரே வயல், ஒரே துள்ளல், ஒரே பேர். உடம்பு மட்டும் வேறு கதை சொல்கிறது.

முதல் புட்டியில் இருந்தது ஆக்ஸியா நிட்டிடுலா. வேளாண் நூல்களில் நெல்லின் சிறிய வெட்டுக்கிளி என்று வருவது இதுதான். வாக்கர் 1870-இல் இதற்குப் பேர் வைத்தார். இரண்டாவது புட்டியில் இருந்தது கோனோசெபாலஸ் லாங்கிபென்னிஸ். வெப்பமண்டல ஆசியாவின் நெல்வயல்களில் பரவலாக இருக்கும் புதர் வெட்டுக்கிளி இனம். முகம் சரிந்து, தலையின் உச்சி கூம்பாக முன்னால் நீண்டிருப்பதால் 'கூம்புத்தலை' என்ற பொருளில் அந்தப் பேரினத்துக்குப் பேர் அமைந்தது. நானும் இங்கே அதைக் கூம்புத்தலையன் என்றே அழைக்கிறேன்.

தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஓர் அங்குலம் போல, இளம்பச்சை, பழுப்புப் பட்டை. பட்டை ஓடுகிற இடம்தான் மாறுகிறது. ஆக்ஸியாவுக்கு இரண்டு பட்டைகள். ஒவ்வொரு கண்ணுக்கும் பின்னாலிருந்து புறப்பட்டுக் கழுத்துக் கவசத்தின் பக்கவாட்டில் ஓடிச் சிறகில் கலக்கும். கூம்புத்தலையனுக்கு ஒரே பட்டை. உச்சந்தலையில் தொடங்கி முதுகின் நடுவே போகும். பட்டையைப் பார்த்தே ஜமக்காளத்தை மதிப்பிடும் ஊரில் இந்த அடையாளம் எளிதில் மனதில் நிற்கும்.

இன்னும் எளிது மீசை. ஆக்ஸியாவின் மீசை தடித்தது, குட்டையானது. அதன் கணுக்களை எண்ணினால் முப்பதுக்குள் முடிந்துவிடும். கழுத்துக் கவசத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். கூம்புத்தலையனின் மீசை தலைமயிரைவிட மெல்லியது. உடம்பைப்போல் இரண்டு பங்குக்கு மேல் நீளும். கணுக்களை எண்ண உட்கார்ந்தால் கண் வலிக்கும். புட்டிக்குள் ஆக்ஸியா அசையாமல் உட்கார்ந்திருந்தது. கூம்புத்தலையனின் மீசைகளோ ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலுமாகக் கண்ணாடியைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தன. இருட்டிலும் இலைச் சந்திலும் திரிகிற பூச்சிக்குத் தொடுதலே பாதிப் பார்வை.

பாதங்களைக் கைலென்ஸில் பார்த்தால் ஆக்ஸியாவுக்கு மூன்று கணு, கூம்புத்தலையனுக்கு நான்கு. ஆக்ஸியாவின் பின் கணைக்கால் நுனியை நெருங்க நெருங்கத் தட்டையாக விரிந்து துடுப்புப் போலிருக்கும். நீர் நிற்கும் வயலில் தவறி விழுந்தால் அது மூழ்காமல் உதைத்து நீந்திப் பக்கத்துத் தூரைப் பிடிப்பது இதனால்தான். அதன் முன்கால்களுக்கு நடுவே, தொண்டைக்குழியில், சின்ன முளை ஒன்றும் துருத்திக்கொண்டிருக்கும். வகைப்பாட்டு நூல்களில் இந்த முளைக்குப் பெரிய மதிப்பு உண்டு.

ஆனால் இரண்டையும் பிரித்துக் காட்டும் உறுப்புகளில் என்னை அதிகம் நிறுத்திவைப்பது காது.

ஆக்ஸியாவின் காது வயிற்றில் இருக்கிறது. சிறகை மெல்ல விலக்கினால் வயிற்றின் முதல் வளையத்தில், பின்தொடை பொருந்தும் இடத்துக்குச் சற்று மேலே, பளபளக்கும் சவ்வு ஒன்று தெரியும். பக்கத்துக்கு ஒன்று. கூம்புத்தலையனிடம் அந்த இடத்தில் தேடினால் எதுவும் கிடைக்காது. அதன் காது முன்கால்களில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. அங்கே கால் லேசாகப் புடைத்திருக்கும். புடைப்பின் இரு பக்கத்திலும் ஊசியால் கீறியதுபோல் நெடுக்காக ஒரு பிளவு. சவ்வு வெளியே தெரியாது. தோல்மடிப்பு ஒன்று கதவுபோல் மூடி, பிளவை மட்டும் விட்டிருக்கிறது. அந்தப் பிளவுக்குள்தான் செவிப்பறை.

ஒலி அந்தக் காதுக்கு ஒரு வழியில் மட்டும் போவதில்லை. கழுத்துக் கவசத்துக்குப் பின்னால் பெரிய மூச்சுத்துளை ஒன்று இருக்கிறது. அதிலிருந்து கிளம்பும் காற்றுக்குழாய் தொடை வழியாக இறங்கி முழங்காலைத் தாண்டிச் செவிப்பறையின் உட்புறத்தைத் தொடும். ஒரே ஒலி வெளியிலிருந்தும் உள்ளிருந்தும் வந்து சவ்வில் மோதுகிறது. இரண்டு முன்கால்களையும் அகட்டி வைத்து நிற்கும்போது, எந்தப் பக்கத்திலிருந்து பாட்டு வருகிறது என்பதை அது இப்படித்தான் கண்டுகொள்கிறது.

கொலம்பியாவின் கோர்கோனா தீவில் வாழும் கோபிஃபோரா கோர்கோனென்சிஸ் என்ற புதர் வெட்டுக்கிளியின் காதை 2012-இல் ஃபெர்னாண்டோ மோன்டியலெக்ரே, டானியல் ராபர்ட் குழுவினர் ஆராய்ந்து 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். மனிதக் காதில் செவிப்பறை அதிர்வை வாங்குகிறது, சின்ன எலும்புகள் அதை நெம்பிக் கடத்துகின்றன, திரவம் நிறைந்த நத்தைச்சுருள் அதைச் சுரம் சுரமாகப் பிரிக்கிறது. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத அந்தப் பூச்சிக் காதிலும் இதே மூன்று படிகள் இருந்தன. எலும்புக்குப் பதில் ஒரு கடினத் தகடு நெம்புகோலாக வேலை செய்கிறது. சுருளுக்குப் பதில் திரவம் நிறைந்த சிறு பை. அந்தக் கோபிஃபோரா நம் கூம்புத்தலையனின் அதே துணைக்குடும்பத்தைச் சேர்ந்தது. பவானி வயலில் இருப்பவனின் காதை அப்படி யாராவது திறந்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

காதைச் சொன்னால் பாட்டையும் சொல்ல வேண்டும். குட்டைமீசை வகைகளில் பாடுபவை பெரும்பாலும் பின்தொடையைச் சிறகில் உரசிப் பாடும். நீளமீசைக்காரன் சிறகோடு சிறகை உரசுவான். கூம்புத்தலை ஆணின் இடது முன்சிறகு வலது சிறகின் மேல் படிந்திருக்கும். இடச்சிறகின் அடிப்புறத்தில் அரம் போலப் பல் வரிசை, வலச்சிறகின் ஓரத்தில் அதைச் சுரண்டும் விளிம்பு. உரசலில் பிறக்கும் ஒலியை வலச்சிறகில் இருக்கும் கண்ணாடி போன்ற மெல்லிய சவ்வு பெரிதாக்கும். வீட்டுச் சுவரிடுக்கில் கத்தும் சுவர்க்கோழியும் இப்படியே சிறகை உரசித்தான் பாடுகிறது. அதற்கு மட்டும் பொதுவாக வலச்சிறகு மேலே இருக்கும். அதன் காதும் முன்காலில்தான். மீசையும் நீளம்தான். ஆக, உடம்பை வைத்துப் பார்த்தால் கூம்புத்தலையனுக்குப் பங்காளி சுவர்க்கோழி. மண்ணைத் தோண்டும் பிள்ளைப்பூச்சியும் அதே கூட்டம். பக்கத்துத் தூரில் உட்கார்ந்திருக்கும் ஆக்ஸியா தூரத்துச் சொந்தம் மட்டுமே.

இந்தக் கூட்டப் பிரிவுக்குப் பேர் கொடுத்தது பெண் பூச்சியின் பின்னுடம்பு. கூம்புத்தலைப் பெண்ணின் வயிற்று நுனியில் பக்கவாட்டில் தட்டையான, நீண்ட, ஏறக்குறைய நேரான வாள் ஒன்று இருக்கிறது. ஆறு தகடுகள் ஒன்றோடொன்று பொருந்தி நழுவிச் செல்லும்படி அமைந்தது. இலையுறையின் இடுக்கில் அதைச் சொருகித் தனித்தனியாக முட்டைகளை இறக்கும். ஆக்ஸியாப் பெண்ணுக்கு வாள் கிடையாது. குட்டையான, வளைந்த, பல் வைத்த தகடுகள் மேலும் கீழுமாக விரிந்து மூடும். அதன் முட்டைகள் நுரைக்குள் மொத்தமாகப் பொதிந்திருக்கும். நுரை காய்ந்தால் கெட்டியான கூடு. லத்தீனில் வாள்தாங்கி என்ற பொருளில் 'என்சிஃபெரா' என்ற பிரிவை லூசியன் சொபார் 1920-இல் அமைத்தார். உளிதாங்கி என்ற பொருளில் 'கேலிஃபெரா' என்ற பிரிவை ஆண்டர் 1936-இல் அமைத்தார். இவ்வளவு பழைய உறவு முறிவுக்கு அறிவியல் பேர் வைத்து நூறு வருடம்தான் ஆகிறது.

அதற்கு முன் இருந்த குழப்பம் நம்முடையதைவிடக் குறைவு என்று சொல்ல முடியாது. 1758-இல் லின்னேயஸ் இவை எல்லாவற்றையும் 'கிரில்லஸ்' என்ற ஒரே பேருக்குள் அடைத்தார். கும்பிடுபூச்சிகூட அதற்குள் இருந்தது. உட்பிரிவு ஒன்றுக்கு அவர் வைத்த 'டெட்டிகோனியா' என்ற பேர்தான் இன்றைக்குப் புதர் வெட்டுக்கிளிக் குடும்பத்தின் பேராகி நிற்கிறது. அதன் வேர் கிரேக்கச் சொல்லான டெட்டிக்ஸ். அந்தச் சொல்லுக்குப் பொருளோ மரத்தில் கத்தும் சில்வண்டு! தமிழிலும் மரத்தில் கத்துவதையும் தரையில் கத்துவதையும் சேர்த்துச் சில்வண்டு என்கிறோம். காதால் கேட்டுப் பேர் வைக்கிற இடத்தில் கிரேக்கனும் தமிழனும் ஒரே மாதிரிதான் நடந்துகொண்டிருக்கிறார்கள். வெட்டுக்கிளி என்பது கண்ணால் பார்த்து வைத்த பேர். பச்சை நிறம், பயிரை வெட்டுகிற வாய், கிளி. பயிர் வைத்தவனின் பார்வையில் அது நியாயமான பேர்.

கூம்புத்தலையனுக்கும் பேர் நிலைக்கவில்லை. கோனோசெபாலஸ் என்ற பேரைத் துன்பெர்க் 1815-இல் வைத்திருந்தும், பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்களில் இந்தக் குட்டிப் பச்சைகள் 'சிறு வாள்' என்ற பொருள்படும் ஸிஃபிடியம் என்ற பேரில்தான் வரும். பழைய நூலைப் புரட்டுகிறவர் இந்த இரண்டு பேரும் ஒரே பூச்சிதான் என்று தெரியாமல் தடுமாறுவார்.

நம் நாட்டில் இரண்டு கூட்டத்துக்கும் கிடைத்த கவனமும் சமமில்லை. 'பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்குகள்' வரிசையில் குட்டைமீசைகளுக்காகக் கிர்பி எழுதிய தொகுதி 1914-இல், அவர் இறந்த பிறகு வந்தது. சுவர்க்கோழிகளுக்குச் சொபார் எழுதியது 1969-இல் வந்தது. நடுவில் நிற்கும் புதர் வெட்டுக்கிளிகளுக்கு அப்படி ஒரு தொகுதி வரவில்லை. கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியில் பணியாற்றிய டி. வி. ராமகிருஷ்ண அய்யர் 1940-இல் தென்னிந்தியப் பொருளாதாரப் பூச்சியியல் கையேட்டை வெளியிட்டார். பயிரைத் தின்கிற பூச்சியை முதலில் படிப்பதே அந்தக் காலத்துத் தேவை. தின்னாத பூச்சி, அல்லது கொஞ்சமாகத் தின்று நிறைய உதவுகிற பூச்சி, காத்திருக்க வேண்டியதாயிற்று.

உதவி என்று சொன்னது சும்மா இல்லை. வயல்காரருக்கும் எனக்கும் நடந்த பேச்சே அதைச் சுற்றித்தான்.

வாயைத் திறந்து பார்த்தால் ஆக்ஸியாவின் தாடையில் அரைக்கும் பகுதி அகலமாக இருக்கும். புல்லில் உள்ள மணற்சத்து பல்லைத் தேய்க்கக்கூடியது, அதற்கேற்ற அம்மி அது. இலையின் ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கடித்துக்கொண்டே போகும். கூம்புத்தலையனின் தாடையில் கூரான பற்கள் தெரியும். அவனும் இலை தின்பான், நெற்பூவையும் கடிப்பான். அதோடு தண்டுத் துளைப்பானின் முட்டைக் குவியலையும் தின்பான். கதிர் நாவாய்ப்பூச்சியின் முட்டைகளும், தத்துப்பூச்சிகளின் குஞ்சுகளும் அவன் உணவில் உண்டு. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1987-இல் வெளியிட்ட, நெல் விவசாயியின் நண்பர்களைப் பற்றிய கையேட்டில் இவனுக்கும் இடம் இருக்கிறது.

தண்டுத் துளைப்பானின் தாய் அந்துப்பூச்சி இலை நுனிக்கு அருகே முட்டைகளை இட்டு, தன் வால் மயிரை உதிர்த்து அவற்றின்மேல் பழுப்புப் போர்வை ஒன்றை நெய்துவிடும். பல எதிரிகளுக்கு அந்தப் போர்வையைத் தாண்டுவது கஷ்டம். அன்று அதே வயலில் ஒரு கூம்புத்தலையன் அந்தப் போர்வையின் ஓரத்தைத் தாடையால் பற்றி, பஞ்சைப் பிய்ப்பதுபோல் இழுத்து இழுத்துத் துப்பியதைப் பார்த்தேன். மயிர்கள் காற்றில் பறந்தன. மீசை இரண்டும் பின்னால் சாய்ந்து அசையாமல் இருந்தன. உள்ளே இருந்த முட்டைகளை அது ஒவ்வொன்றாக மென்றது. அந்தக் குவியல் பொரிந்திருந்தால் எத்தனை தூர்களில் நடுக்குருத்து காய்ந்திருக்கும், எத்தனை கதிர் வெண்கதிராகியிருக்கும் என்பது வயல்காரருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவரையும் கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் பேசாமல் பார்த்தார்.

"இத்தன நாளா இதையும் சேத்தித்தான் கொன்னனுங்களா?" என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பேர் ஒன்றாக இருந்தால் தண்டனையும் ஒன்றாகத்தான் இருக்கும். 2020-இல் வட இந்தியாவில் பாலைவன வெட்டுக்கிளிக் கூட்டம் இறங்கிய சமயம், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எருக்கஞ்செடியில் மொய்த்த உள்ளூர் வெட்டுக்கிளியைப் பார்த்து ஊரே கலங்கியது. எருக்கு தின்பது வேறு, ஊர் ஊராகப் பறந்து அழிப்பது வேறு என்று வேளாண் துறையினர் வந்து சொல்ல வேண்டியிருந்தது. அங்கே பயம் சீக்கிரம் தெளிந்தது. தினப்படி மருந்து தெளிப்பில் நடக்கும் இந்தக் குழப்பத்தை வந்து தெளிவிக்கப் பெரும்பாலும் ஆள் இல்லை.

ஆக்ஸியாவையும் நான் வில்லனாக்க விரும்பவில்லை. தூர்கட்டும் பயிர் கொஞ்சம் இலை போனாலும் ஈடுகட்டிக்கொள்ளும். வியட்நாமின் மீகாங் கழிமுகத்தில் 1990-களில் கே. எல். ஹியோங் முன்னின்று நடத்திய பிரசாரமே இதுதான்: விதைத்த முதல் நாற்பது நாளில் இலை தின்னும் பூச்சிக்கு மருந்து அடிக்க வேண்டாம். அடிக்காத விவசாயிகளுக்கு மகசூல் குறையவில்லை. வெட்டுக்கிளி உண்மையிலேயே மிகுந்துவிடும் வயலுக்கும் நம்மிடம் பழைய வழி ஒன்று உண்டு. கோடையில் வரப்பின் பக்கத்தை மண்வெட்டியால் சீவி அண்டை கட்டுவது. பெரிய வெட்டுக்கிளியான ஹியரோகிளைஃபஸ் பானியன் போன்றவை வரப்பு மண்ணில் இட்ட முட்டைக்கூடு வெளியே வந்து வெயிலில் காயும், மைனா பொறுக்கும். இந்த உளிக்காரியின் முட்டை மண்ணில் இருப்பதால் வேலை பலிக்கிறது. வாள்காரியின் முட்டை இலையுறைக்குள் இருப்பதால் அவளுக்கு இதனால் சேதமில்லை. உடம்பைப் படித்தால் வேலையும் பிடிபடும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சாட்சி இதுதான்.

உடம்பை மட்டும் படித்தால் போதாத இடமும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். தென்னிந்தியக் காடுகளில் மெகோபோடா என்ற பெரிய புதர் வெட்டுக்கிளி இருக்கிறது, காய்ந்த இலை மாதிரி. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் விவேக் நித்யானந்தாவும் ரோஹிணி பாலகிருஷ்ணனும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், உருவத்தால் பிரித்தறிய முடியாத மெகோபோடாக்கள் ஐந்து விதமான பாட்டுகளைப் பாடுவதாகக் காட்டினார்கள். மீசை, பாதம், வாள் எல்லாம் ஒன்றுபோல இருந்தும் பாட்டு வேறு. பெண் எந்தப் பாட்டுக்குப் போகிறாளோ அதுவே கூட்டத்தைத் தீர்மானிக்கும். கூம்புத்தலையனையும் ஆக்ஸியாவையும் பிரிக்க லென்ஸ் போதும். கூம்புத்தலையன் என்று நாம் ஒரே பேரில் அழைப்பவர்களுக்குள்ளும் எத்தனை கூட்டம் இருக்கிறது என்பதை அறியக் காதுதான் வேண்டும்.

அதிலும் ஒரு சிரமம். கூம்புத்தலையனின் பாட்டு மெல்லிய கிசுகிசுப்பு. அதில் பெரும்பகுதி 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே, மனிதக் காதுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. மிச்சமும் நம் கேட்கும் எல்லையின் விளிம்பில். வயது ஏற ஏற முதலில் கை நழுவிப் போவது அந்த விளிம்புதான்.

சாயங்காலம் இரண்டு புட்டிகளையும் திறந்துவிட்டோம். ஆக்ஸியா ஒரே தாவலில் தண்ணீரில் விழுந்து, இரண்டு உதையில் நீந்தி ஒரு தூரில் ஏறியது. கூம்புத்தலையன் இலைமேல் உடம்பை நீட்டிப் படுத்து, நாங்கள் பக்கத்தில் போனதும் மெல்ல இலையின் மறுபக்கத்துக்கு உருண்டுகொண்டான். வரப்பில் வயல்காரரின் பேத்தி வந்து நின்றாள். கொஞ்ச நேரம் பொறுத்து அவள் சட்டென்று தலையைச் சாய்த்தாள்.

"கேக்குதுங் அப்பாரு."

"என்ன கண்ணு கேக்குது?"

"அங்க, அந்தத் தூருல. சிர்ருனு."

அவர் காதோரம் கையைக் குவித்து வைத்துக்கொண்டார். நானும் வைத்துக்கொண்டேன். எங்கள் இருவருக்கும் வாய்க்கால் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் விரல் நீட்டிய தூரை நோக்கி, அவள் சொல்கிற திசையிலேயே, நாங்கள் குனிந்து நகர்ந்தோம்.